அம்மான்னு கூப்பிட்டாளா?

டிசம்பர் 1, ஞாயிறு

இன்னிக்கும் விரிப்பு ஈரம். கோயிலுக்குக் கிளம்புற அவசரத்துல அலசிப் போட்டேன். பாளையங்கோட்டைல மழை விட்டபாடில்ல, கொடியில கிடக்கிறது ஒண்ணும் காயமாட்டேங்கு. அக்ஸா கதவுப் பக்கம் நின்னு நான் அலசுறதையே பாத்துக்கிட்டு இருந்தா. திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. ஒன்பது வயசு, இன்னும் படுக்கையில ஒண்ணுக்குப் போறா. தலையணைக்கு அடியில முறுக்கை ஒளிச்சு வச்சு கட்டில் பூரா எறும்பு. "கேட்டா தர மாட்டேனாட்டி?"ன்னேன். "தருவீங்க ஆன்ட்டி"ன்னா. பின்ன என்னத்துக்கு ஒளிக்கணும்? ஆகஸ்ட்ல இல்லத்துல இருந்து வளர்க்கக் கூட்டிட்டு வந்ததுல இருந்து இதே கூத்துதான்.

ஆராதனை முடிஞ்சு வந்து இல்லத்து வார்டன் ரெஜினாக்காவுக்கு போன் பண்ணினேன். அக்ஸா பக்கத்துல உக்காந்து படம் வரஞ்சுக்கிட்டு இருந்தா. பேச வேண்டியதப் பேசியாச்சு. "கிறிஸ்துமஸ் முடியட்டும் ஹெப்சி, பண்டிகை நேரத்துல வேண்டாம். பிள்ளை ஏங்கிரும்"னாங்க. நானும், சரிக்கா, கிறிஸ்துமஸ் முடியட்டும்னுட்டேன். இவங்ககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒண்ணும் பேச மாட்டாங்க, விசிலை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிருவாங்க. பி.டி. மாஸ்டரைக் கட்டிக்கிட்டவளுக்கு அதுதான் பதில்.

டிசம்பர் 3, செவ்வாய்

டி.வி.ல புதுசா ஒரு விளம்பரம். ஒரு ஜவுளிக்கடைக்காரன் கிறிஸ்துமஸுக்குப் போட்டது. மழையில ஒரு அம்மா வீட்டு வாசல்ல ஸ்டார் கட்டிக்கிட்டு இருக்கா. ஒரு பிள்ளை வந்து கேட்டுக்கு வெளிய நிக்குது. ஏதோ இல்லத்துல இருந்து வளர்க்கக் கூட்டிட்டு வந்த பிள்ளை. பேச மாட்டேங்குது, சாப்பிட மாட்டேங்குது. அந்த அம்மா அதுக்குத் தெரியாம முழங்கையால அளவு பாத்து கவுன் எடுக்கா. கிறிஸ்துமஸ் காலைல பிள்ளை அந்த கவுனைப் போட்டுக்கிட்டு அடுப்படிக்கு வந்து "அம்மா"ன்னு கூப்பிடுது. அம்மா கரண்டியைக் கீழ போட்டுட்டுக் கட்டிப்பிடிக்கா. "புதுத்துணி மட்டுமா, புது உறவும்"னு எழுத்து வருது. அவ்வளவுதான்.

இவங்க கண்ணைத் துடைச்சாங்க. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்ததால எனக்கும் தண்ணி வந்திட்டு.

அக்ஸா பாதியிலேயே எந்திரிச்சுப் போயி கேரம் போர்டை எடுத்து வச்சா. "அங்கிள், வாறீங்களா?"

டிசம்பர் 4, புதன்

விரிப்பு ஈரம். எழுத வேற ஒண்ணுமில்ல.

டிசம்பர் 5, வியாழன்

போனைத் திறந்தா விளம்பரம்தான். சபைப் பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப்ல காலையில இருந்து அழுகை பொம்மையா வந்து விழுது. மேரிபாய் டீச்சர் ஏழு தடவை பாத்து ஏழு தடவையும் அழுதாங்களாம். எங்க சித்தி மகன் மட்டும், "அனாதைப் பிள்ளையக் காட்டி சேலை விக்கான், நீங்க மூக்கைச் சிந்துங்க"ன்னு போட்டான். அவன்மேல எல்லாரும் பாஞ்சிட்டாங்க. எதுத்த வீட்டு ராஜம் வாசல் கேட்டுப் பக்கம் நின்னு, "அதெல்லாம் சரி, பெத்தவ எங்க போனாளாம்? அவள யாரும் காட்டலியே"ன்னா. அதுவும் நியாயமாத்தான் பட்டுது.

ஃபேஸ்புக்ல ஒருத்தன் எழுதியிருந்தான். "எவ வீட்டுப் பிள்ளையோ ஒரு கவுனுக்கு அம்மான்னு கூப்பிடுமா? எல்லாம் நடிப்பு. பெறாதவளுக்குப் பாசம் வராது." எனக்கு எங்க இருந்துதான் வந்துதோ அந்த ஆங்காரம். பெறாதவள்னு அவன் என்னையப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. நின்ன நிலையில டைப் அடிச்சேன். "நான் ஒரு பிள்ளையை வளர்க்கிறேன். அவ அப்பன் எங்கயோ உயிரோட இருக்கான், அதனால தத்து எடுக்க முடியாது. வளர்க்கத்தான் முடியும், வளர்க்கிறேன். வந்த மூணாம் நாளே அவ என்னை அம்மான்னு கூப்பிட்டா. வந்து பாருங்க எங்க வீட்டுல வந்து." சபை அறுப்பின் பண்டிகையில எடுத்த போட்டோ ஒண்ணையும் சேத்துப் போட்டேன். வளர்க்கிற பிள்ளை போட்டோவைப் போடக்கூடாதுன்னு கூட்டிட்டு வந்த அன்னிக்கே சொல்லியிருந்தாங்க. கோவத்துல எவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?

டிசம்பர் 6, வெள்ளி

கடவுளே, எத்தனை பேரு! துபாய்ல இருந்தெல்லாம் எழுதுதாங்க. "தாயே, உங்கள் பாதம் தொட்டு வணங்குகிறேன்"னு ஒருத்தர். அந்தத் தகராறு பண்ணினவன் மன்னிப்பே கேட்டுட்டான். நான் எழுதினத அப்படியே எடுத்து விளம்பரத்தோட சேத்து ஊரெல்லாம் அனுப்புதாங்களாம். மேரிபாய் டீச்சர் போன் பண்ணி, "நம்ம சபையிலேயே இப்படி ஒரு தாய் இருக்கும்போது நான் டி.வி.யப் பாத்து அழுதேனே ஹெப்சி"ன்னு மறுபடியும் அழுதாங்க.

ராத்திரிச் சாப்பாட்டுல இவங்க மெதுவாக் கேட்டாங்க. "யாரு உன்னைய அம்மான்னு கூப்பிடுதா?"

"எழுதும்போது அப்படித்தான் எழுதணும். ரசத்தை ஊத்திக்கோங்க"ன்னேன். மூஞ்சியப் பாக்க முடியல.

டிசம்பர் 8, ஞாயிறு

சபை ஐயர் பிரசங்கத்துக்கு நடுவுல என் பேரைச் சொல்லி எந்திரிக்கச் சொன்னாரு. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு பக்கம் சந்தோசம், பொய் எதுக்குச் சொல்லணும். இன்னொரு பக்கம், தரை விலகினா உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை இதே கோயில்ல இருந்து வீட்டுக்குப் போயித்தான் ரெஜினாக்காவுக்கு போன் பண்ணினேன்.

வெளிய வந்தா பொம்பளைங்க சூழ்ந்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி. மொத மொத எப்ப கூப்பிட்டா? எப்படிக் கூப்பிட்டா? நீ என்ன செஞ்ச? அளந்துவிட்டேன். அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன், பின்னால வந்து சேலையப் பிடிச்சு இழுத்தா, அப்படி இப்படின்னு. பாதி விளம்பரத்துல வர்றது. ஒருத்தியும் கண்டுபிடிக்கல. அக்ஸா என் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் கேட்டா, மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. சமத்து.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க நிகழ்ச்சி. அதுல அந்த விளம்பரத்தை அப்படியே நடிச்சுக் காட்டணும், நீயும் அக்ஸாவும்தான் செய்யணும்னு ஐயரம்மா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மகாராஜநகர்ல ஒரு வீட்டுக்கு ரெண்டு வருசமா நடந்துக்கிட்டு இருக்கேன், பாலிசி எடுக்காம இழுத்தடிச்சவங்க. இன்னிக்குக் காப்பி குடுத்து உக்கார வச்சு, "பெறாத பிள்ளைய வளர்க்கிறவ யாரையும் ஏமாத்த மாட்டாம்மா"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனதுல இருந்து இப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைச்சதில்ல. வீட்டுக்கு வந்து அந்தக் காப்பியை வாந்தி எடுத்தேன். பித்தம்.

டிசம்பர் 11, புதன்

ரெஜினாக்கா போன். ஆளு கொதிச்சுப் போயிருக்காங்க. விளம்பரம் வந்ததுல இருந்து இல்லத்து போன் ஓயலியாம். எல்லாம் ஒரே கதை. "கிறிஸ்துமஸுக்கு ஒரு பிள்ளைய அனுப்புங்க, புதன்கிழமை கூட்டிட்டுப் போயி வியாழக்கிழமை கொண்டு விட்டுருதோம்னு கேக்காங்க ஹெப்சி! இரவல் குடுத்து வாங்க இதென்ன டிபன் கேரியரா? ஒருத்தி, கொஞ்சம் கலரா இருக்கிற பிள்ளையாப் பாத்துத் தாங்கன்னு கேக்கா." நான் ச்சே, என்ன ஜென்மங்கன்னேன்.

அப்புறம், "நீ சொன்ன விசயம் என்னாச்சு? கிறிஸ்துமஸுக்குப் பொறவு கூட்டிட்டு வாறியா?"ன்னாங்க.

"எப்படிக்கா இப்ப கொண்டு வந்து விட முடியும்? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு"ன்னேன்.

"ஊரு பாக்கலன்னா?"

அடுப்புல பால் பொங்குதுக்கான்னேன். "அந்த போட்டோவ எடுத்துரு, பிள்ளைக்கு நல்லதில்ல"ன்னு வச்சிட்டாங்க. எடுக்கணும். இன்னும் ஆளுங்க எழுதிக்கிட்டே இருக்காங்க, ரெண்டு நாள் கழிச்சு எடுப்போம்.

அக்ஸா பக்கத்துல உக்காந்து கலர் பென்சில் சீவிக்கிட்டு இருந்தா. அவளுக்கு என்ன புரியப் போகுது.

டிசம்பர் 13, வெள்ளி

விரிப்பு காஞ்சிருக்கு! நேத்தும் காஞ்சிருந்துச்சு. தலையணைக்கு அடியிலயும் ஒண்ணுமில்ல, எறும்பில்ல. இவங்ககிட்ட சொன்னேன், பாத்தீங்களா, பொறுத்துக்கிட்டதுக்கு நல்லது நடந்திருச்சுன்னு.

"சாயங்காலத்துக்கு மேல அவ ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. கேரம் ஆடும்போது இருமிக்கிட்டே இருக்கா, குடுத்தாலும் வேண்டாங்கா. நீ கவனிக்கலியா?"ன்னாங்க.

கவனிக்கல. ராத்திரி நானே டம்ளரைக் கொண்டு போனேன். "வேண்டாம் ஆன்ட்டி, தாகமில்ல"ன்னா. உதடு வெடிச்சிருக்கு. வெண்ணெய் தடவி விட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

துணி எடுக்க அந்த ஜவுளிக்கடைக்கே போனோம். ஐயரம்மாதான் அங்கதான் எடுக்கணும்னுட்டாங்க. விளம்பரத்துல வர்ற அதே ரோஸ் கவுன். கடைப் பிள்ளைங்க என்னைய அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்தாங்க. ஒரு பொண்ணு அக்ஸா கன்னத்தைக் கிள்ளி, "கூப்பிடு பாப்பம், அம்மா கூப்பிடு"ன்னா. அக்ஸா என்னைய நிமிந்து பாத்தா. நான் டிசைன் பாக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்னிக்கு எப்படியும் சொல்லியாகணும்னு அவள உக்கார வச்சேன். தலை வாரிக்கிட்டே பேச்சைத் தொடங்கினேன். மூஞ்சியப் பாக்காம பேசலாம் பாருங்க.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஸ்டேஜ்ல என்னைய அம்மான்னு கூப்பிடணும்ட்டி. விளம்பரத்துல வருதுல்லா, அதே மாதிரி."

"சரி ஆன்ட்டி. எத்தனை தடவை?"

எனக்கு சீப்பு அப்படியே நின்னுட்டு. ஒரு தடவை போதும்னேன்.

"மைக்லயா? சிரிச்சுக்கிட்டா, சும்மாவா?"

"அது என்னட்டி சிரிச்சுக்கிட்டு, சும்மா?"

ரொம்பப் பொறுமையா எனக்குச் சொல்லிக் குடுத்தா. இல்லத்துக்கு பர்த்டே கொண்டாட கேக் கொண்டு வர்றவங்க வந்தா சிரிச்சுக்கிட்டே அம்மா அப்பான்னு சொல்லணுமாம். செத்தவங்க நினைவு நாளுக்குச் சாப்பாடு போட வர்றவங்க வந்தா சிரிக்கக்கூடாது, சும்மா சொல்லணும். "நன்றி அம்மா, நன்றி அப்பா, உங்கள் குடும்பத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக." எல்லாரும் ஒரே சத்தமாச் சொல்லணும். கடைசி வரிசையில நிக்கிற சின்னப் பிள்ளைக்கு வராது, அதனால அக்ஸாதான் மொதல்ல ஆரம்பிப்பாளாம்.

"வர்றவங்க எல்லாரையுமா அம்மான்னு சொல்லுவீங்க?"

"ஆமா ஆன்ட்டி. சாப்பிட்டு முடிச்சதும் அவங்க போயிருவாங்க."

எங்க கல்யாண நாளுக்குப் போன வருசம் நாங்களும் அந்த இல்லத்துல பிரியாணி போட்டோம். அன்னிக்கு இந்தப் பிள்ளைங்க கும்பலா அம்மான்னு சொன்னதக் கேட்டுத்தான், ஒரு பிள்ளைய வளர்க்கணும்னு எனக்கு ஆசையே வந்துது. அன்னிக்கு மொதல்ல ஆரம்பிச்ச குரல் யாருதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. பின்னல் கோணலாப் போயிருச்சு, அவுத்துத் திரும்பப் போட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஐயரம்மாகிட்ட நிகழ்ச்சி வேண்டாம்னு சொல்லிரலாம்னு கிளம்பினேன். போற வழியில மேரிபாய் டீச்சர் வீடு. உள்ள கூப்பிட்டு அச்சு முறுக்கு சுட்டுக்கிட்டே, அவங்க மகனும் மருமகளும் பெங்களூர்ல இருந்து இதப் பாக்கவே வர்றாங்கன்னாங்க. பத்து முறுக்கு வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மூணாவது ஒத்திகை. அவளுக்கு எதுக்கு ஒத்திகை? எனக்குத்தான் கரண்டி ஒழுங்கா விழமாட்டேங்கு. சீக்கிரம் விழுந்துருதாம்.

டிசம்பர் 25, புதன்

நடந்தத அப்படியே எழுதுதேன்.

அக்ஸா ரோஸ் கவுன்ல ஸ்டேஜுக்கு வந்தா. சரியா மைக்குக்கு முன்னால நின்னு, சிரிச்சுக்கிட்டே, "அம்மா"ன்னா. நான் கரண்டியப் போட்டேன். கோயில் பூரா கைதட்டு. மேரிபாய் டீச்சர் ஏங்கி ஏங்கி அழுதாங்க. ஐயர் கண்ணாடியக் கழட்டினாரு. கட்டிப்பிடிக்கும்போது அவ உடம்பு கட்டை மாதிரி விறைச்சிருந்துச்சு, கை மட்டும் என் முதுகுல தட்டிக் குடுத்துது. எனக்கு ஆறுதல் சொல்லுதா! நான் அவ தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டேன். அத சந்தோசம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்தும் அவ நிறுத்தல. பிரியாணி போட்டேன். "அம்மா, சாப்பாடு ரொம்ப நல்லாருக்கு, நன்றிம்மா." தண்ணி வச்சேன். "நன்றிம்மா." இவங்களையும் அப்பாங்கா. இவங்க சந்தோசப்பட்டுத் தலையத் தடவிக் குடுத்தாங்க. அம்மா, அம்மான்னு அவ வாயால கேக்கணும்னுதான நாலு மாசமா நான் ஏங்கினேன். இன்னிக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ என் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. முந்தி ஆன்ட்டின்னு கூப்பிடும்போது மூக்கைச் சுளிச்சாவது கூப்பிடுவா, உப்பு ஜாஸ்தி ஆன்ட்டிம்பா. இன்னிக்குப் பிரியாணில உப்பே இல்ல. நல்லாருக்குன்னு சாப்பிட்டா.

டிசம்பர் 26, வியாழன்

காலைல எந்திரிச்சு வந்தா, ஹால்ல நாற்காலியில உக்காந்திருக்கா. இங்க வரும்போது போட்டிருந்த பழைய சுடிதார், இப்ப கையெல்லாம் சின்னதாயிட்டு. மடியில பை. ரோஸ் கவுனை மடிச்சு டீப்பாய் மேல வச்சிருக்கா.

"எங்கட்டி கிளம்பிட்ட?"

"கவுன்ல கறை ஒண்ணும் படலம்மா. எப்ப கொண்டு விடுவீங்க? காலைச் சாப்பாட்டுக்கு முந்திப் போனாத்தான் அங்க என்னையும் கணக்குல சேத்து இட்லி எடுத்து வைப்பாங்க."

இவங்க பல் தேய்க்கிற பிரஷ்ஷோட வந்து நின்னாங்க. "யாரும்மா உன்னையக் கொண்டு விடுறது? என்ன ஹெப்சி இது?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு அம்மா போன்ல சொன்னாங்கல்லப்பா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

இவங்க என்னையப் பாத்தாங்க. விசில் ஊதுற மனுசன், கத்தினாக்கூட தேவலைன்னு இருந்துச்சு. கத்தல. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே"ன்னுட்டு அவ பக்கத்துல போயித் தரையில உக்காந்துட்டாங்க.

நான் என்னத்தைச் சொல்ல? ரெஜினாக்கா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லலாம், விளையாட்டுக்குச் சொன்னேங்கலாம். பொய் சொல்ல எனக்கா தெரியாது, இந்த மாசம் பூரா அதத்தான செஞ்சேன். ஆனா அந்தப் பிள்ளை மூஞ்சியில கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. நேரத்துக்குப் பஸ்ஸைப் பிடிக்கணும்கிற கவலைதான் இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டுப் பொய் வரல.

"சொன்னேன்ட்டி. விரிப்பு அலசி அலசிச் சலிச்சுப் போயி, உன்னையத் திரும்ப அனுப்பிரணும்னு சொன்னேன். அந்த விளம்பரம் வந்து ஊரு என்னையப் பெருமையாப் பேசினதால அனுப்பாம இருந்தேன். அம்மான்னு நீ கூப்பிட்டதாப் பொய் சொல்லி, உன்னைய ஸ்டேஜ்ல வேற ஏத்திட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு"ன்னேன். ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது? வேற பேச்சு எனக்கு வரல.

அவ டீப்பாய் மேல இருந்த கவுனை இன்னொரு தடவை ஒழுங்கா மடிச்சு வச்சா.

"நீ போக வேண்டாம். இங்கயே இரு. நிஜமாத்தான் சொல்லுதேன்"னேன்.

"ஏம்மா? அடுத்து வேற எதாச்சும் ப்ரோக்ராம் இருக்கா?"

இவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நானும் தரையில உக்காந்தேன்.

"இல்லட்டி. ப்ரோக்ராம் ஒண்ணும் கிடையாது. விரிப்பு நனைஞ்சா நனையட்டும், நீ தண்ணி குடி. சும்மா இரு இங்க. எங்களுக்கு நீ வேணும்."

நம்பினாளா இல்லையான்னு மூஞ்சியில தெரியல. பையை மடியில இருந்து இறக்கிக் காலுக்குக் கீழ வச்சா. தள்ளி வைக்கல.

"அப்ப உங்களை இனிமே எப்படிக் கூப்பிடணும்?"

"அம்மான்னு சொல்ல வேண்டாம். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு"ன்னேன்.

ஐயரம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, எடுக்கல. ஃபேஸ்புக்ல போட்டதையெல்லாம் அழிச்சேன். மேரிபாய் டீச்சர்கிட்டயும் ஐயர்கிட்டயும் நேர்ல போயித்தான் சொல்லணும், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முந்தியே போயிரணும். ரெஜினாக்காகிட்ட மட்டும் இவங்க பேசினாங்க. இவங்களே பேசினாங்க, என்கிட்ட போனைத் தரல.

அக்ஸா மத்தியானம் சோத்துக்கு வந்து உக்காந்தா. டம்ளர் தண்ணியையும் குடிச்சா, முழுசா. என்னையக் கூப்பிட வாயத் திறந்துட்டு, நிறுத்திட்டா. என்னட்டின்னு கேட்டேன்.

"யோசிச்சுட்டுச் சொல்லுதேன்"னா.

இன்னும் சொல்லல.